ஓர் இடம் விடாமல்

சோற்றுப்பானையில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்து, இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னான் மணிமாறன்.

ரஞ்சிதா அழுத்தித் தேய்த்தாள். புளியும் உப்பும் விரல் இடுக்கில் எரிந்தன.

அவள் கணவன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தான். நாமக்கல் வீட்டில் அவள் கையில் இருந்தது கம்ப்யூட்டரின் சூட்டை இழுக்கிற செம்புக் கட்டி. தட்டையான அடிப்பாகம், அதன் மேல் சீப்புப் பல்லாகத் தகடுகள். கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. வருகிறவர்கள் கண்ணில் செம்பு தகதகவென்று பட வேண்டும் என்றே பார்த்துப் பார்த்து வாங்கியது.

ஆயுத பூஜைக்கு அந்தச் செம்பின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொன்னவனும் அவன்தான். கதவுக்கு வெளியே வைத்தால் சாமிக்குத் தெரியாதாம். ஆறு மாதத்தில் பொட்டு இருந்த இடமெல்லாம் பச்சை பூத்து, மற்ற இடம் கறுத்துப் போனது. பழி மட்டும் அவளுடைய ஈரக்கைக்கு வந்து சேர்ந்தது.

நான்கு நாள் முன்பு ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வாத்தியாராகி விட்டான். புளி போட்டுத் தேய். சொட்டு ஈரம் இல்லாமல் துடை. வெறும் விரல் படாமல் பிடி. காற்றுப் பட்டால் திரும்பக் கறுக்கும், அதனால் நிறமில்லாத நகப் பாலிஷை மூன்று தடவை பூசு.

பாலிஷ் கூரியரில் வந்தது. கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கொண்டுவந்தவனை விரட்டியதும் மணிமாறன்தான், கேமரா வழியாக.

வீட்டில் ஐந்து கேமரா. கேட், வாசல், கூடம், சமையலறை, கொல்லை. ஐந்தும் இந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அவன் போனுக்குப் போகும். அது கழற்றிக் கிடக்கிற இந்த ஒரு மணி நேரத்தையும் விடக்கூடாதென்றே போனைப் பானையில் சாய்க்கச் சொல்லியிருந்தான். அவன் கண்ணில் படாத இடம் குளியலறை ஒன்றுதான். அம்மாவோடு பேசும்போது அங்கே போய்த்தான் அழுவாள்.

மோகனூரில் அம்மா பொன்னாயி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்து இருபது நாளாகிறது. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். நான்கு தடவை கேட்டுப் பார்த்தாள். தனியாகப் பஸ் ஏறுகிற பழக்கமெல்லாம் தன் வீட்டில் கிடையாது, ஆடியில் வந்து தானே கூட்டிப் போகிறேன் என்றான். இப்போது சித்திரை.

போன வாரம் கேட் தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், தலைக்கு மேலே கேமராவில் இருந்து எங்கே என்று அதட்டினான். தெருவில் போன கீரைக்காரி அண்ணாந்து பார்த்தாள். ரஞ்சிதாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

தகடுகளுக்கு மூன்று தடவை பூசியாயிற்று. கட்டியைத் திருப்பினாள். தூரிகை நின்றது.

“ஏனுங்க மாமா, அடியிலயும் பூசட்டுங்களா?”

“ஒரு எடம் உடாமப் பூசுன்னா பூசு. இதப்பத்தி உனக்கென்ன தெரியும்?”

பூசினாள். அடிக்கு மட்டும் ஐந்து தடவை.

கொல்லை வெயிலில் காயவைத்து எடுத்துவந்து மாட்டினாள். எந்தத் திருகு முதலில், எது அடுத்தது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நான்கும் ஏறியிருந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் போனை வைத்துவிட்டுக் கேமராவுக்கு மாறினான். செம்பு கல்யாண வீட்டுக் குடம் போல மின்னியது. லாரியில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் பொம்பளை கூட இந்த வேலை செய்வாள் என்று அவன் சொன்னதும், அவர்கள் சிரித்ததும் கூடத்துக்குள் கேட்டன.

ரஞ்சிதா கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் விசிறி மெல்ல இரைந்தது. பிறகு பலமாக. பிறகு அலறியது. அதென்ன சத்தம் என்று கேட்க வந்தவன் பாதிச் சொல்லில் நின்றுபோனான்.

வீடு அமைதியாக இருந்தது. கல்யாணமான பத்து மாதத்தில் முதல் தடவையாக அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

போன் அடித்தது. அவன் பக்கம் போர் போடுகிற ரிக்கின் இரைச்சல். குழாய் இறக்கத் தொடங்கிவிட்டார்கள், இனி ராத்திரி வரை நிற்காது, அவனும் போனைத் தொட முடியாது. அவன் சொன்ன மாதிரியே பூசியதையும், அது தானாக அணைந்துபோனதையும் சொன்னாள். ஈரம் போயிருக்கும், கை வைத்துத் தொலைக்காதே என்று கத்தினான். ரிப்பேர் பார்க்கிறேன் என்று எந்தக் கடைக்காரனும், தான் ஆடியில் வருகிற வரை, அந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது என்றான்.

சரிங்க என்றாள்.

ரிப்பேர் பார்க்கிற ஆள் வீட்டுக்குள்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மூன்று வருடம் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, கம்ப்யூட்டர் கடையில் வேலை என்றதும் பில் போடுகிற பெண் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அப்புறம் கேட்கவே இல்லை.

அந்தக் கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. சிப்பின் மேல் உட்காருகிற அடிப்பாகத்தில் பாலிஷ், வார்னிஷ் எதுவும் படக் கூடாது. பட்டால் சூடு செம்புக்கு ஏறாது. மிஷின் வெந்து தானாக நின்றுவிடும்.

பன்னிரண்டரை மணி மோகனூர் பஸ்ஸுக்கு அவள் சேலை மாற்றிக்கொண்டாள்.