வியாழக்கிழமை வட்டம்

“அஃப்ரீன் அக்கா, உள்ள வந்து உக்காருங்க. ஆரம்பிக்கப் போறோம்” என்றாள் ஆலோசகர் மிதுஷா.

ஷஹீரா போய் உட்கார்ந்தாள். ஐந்து வாரத்தில் பொய்ப் பெயர் பழகிவிட்டது. கணவர் மாரடைப்பில் போனார் என்று சொல்லி வைத்த பொய்யும்தான்.

எதிர் நாற்காலியில் சிவகரன். ஏழு மாதத்துக்கு முன், பிறை என்ற ஊரில், அவன் ஓட்டிய லாரியில் அடிபட்டுத்தான் அவள் கணவர் இறந்தார். மழை, வழுக்கல், யார் மேலும் குற்றமில்லை என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. ஜார்ஜ் டவுனில் இந்த மாடி அறைக்கு அவன் வியாழன்தோறும் வருகிறான் என்று தெரிந்ததும் அவளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

துக்கத்தைப் பேசி ஆற்றிக்கொள்ளும் குழு. விதி ஒன்றுதான்: ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது.

“ஏர்கோன் குளிரைக் குறைங்க மிதுஷா. பொணவறை மாதிரி இருக்கு லா” என்றார் விநாசித்தம்பி. மனைவியை இழந்தவர்.

“போன வாரம் வேர்க்குதுன்னு சொன்னீங்களே அங்கிள்?”

“அது போன வாரம்!”

எல்லாரும் சிரித்தார்கள். சிவகரனும் சிரித்தான். அதைத்தான் ஷஹீராவால் தாங்க முடியவில்லை.

“சிவா அண்ணே தொடரட்டும்” என்றாள் மிதுஷா. “மூணு மாசம் வாயே திறக்காம உக்காந்திருந்தவரு. இந்த ஒரு மாசமாத்தான் பேசுறாரு. முகமே மாறிப் போச்சு பாருங்க.”

பேசிப் பேசி இவன் ஆறிக்கொள்கிறான். இவன் முடித்ததும், தான் யாருடைய மனைவி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்த அறையிலும் இவன் வாய் திறக்கக் கூடாது. ஷஹீரா இன்று வந்ததே அதற்குத்தான்.

“ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆச்சுன்னு போன வாரம் சொன்னேன்ல” என்று சிவகரன் ஆரம்பித்தான். “அவரு தலையை என் மடியில வச்சுக்கிட்டேன். கழுத்துல ஃபேக்டரி டேக். பேரைப் பார்த்தேன், முஸ்லிம் ஆளு. உதடு அசையுது, சத்தம் வரல.”

ஷஹீரா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உயிர் போறப்ப அவங்க கலிமா சொல்லணும்னு தெரியும். எனக்குச் சொல்லத் தெரியாது. ரோட்டோரம் நாசி லெமாக் சோறு விக்கிற மலாய் அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவங்க அந்த மழையில முட்டி போட்டு, காதுல சொன்னாங்க. மூணு தடவ. இவரும் கூடவே சொன்னாரு. முழுசாச் சொன்னாரு. அப்புறம்தான்…”

தண்ணீர் குடித்தான்.

“தனியாப் போகல. அதைத்தான் சொல்லணும்னு நெனச்சேன்.”

கடைசியில் அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஏழு மாதமாக ஷஹீரா யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது.

“அஃப்ரீன் அக்கா, உங்க முறை.”

அவள் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை.

“என் பேரு அஃப்ரீன் இல்ல. ஷஹீரா. அந்த டேக்ல இருந்த பேரு நூர் முகம்மது. என் வீட்டுக்காரரு.”

விநாசித்தம்பி “ஐயோ” என்றார். மிதுஷா பதறி எழுந்தாள். சிவகரன் மட்டும் அசையவில்லை.

“அவரை அடக்கம் பண்ண ஜனாஸா எடுத்த அன்னைக்கு, பாயான் பாரு ஏரியாவுல உங்க ஃபிளாட்டுக்குக் கீழ நின்னு உங்களைப் பார்த்தேன். மேல ஏறி வர தைரியம் இல்ல” என்றான்.

“நீங்க இங்க வந்த பிறகுதான்க்கா நான் பேசவே ஆரம்பிச்சேன்.”