அஞ்சு மணி அக்கா

“சுடிதாரைத் திருப்பிப் போட்டுட்டு வந்திருக்கியே தங்கச்சி!”

தஸ்மியா பதறிக் குனிந்து பார்த்தாள். தையலெல்லாம் வெளியே தெரிந்தது. மேலப்பாளையத்திலிருந்து இந்தக் கோலத்தில்தான் பஸ்ஸில் வந்திருக்கிறாள். காலை முழுக்க ஆய்வகத்தில் நின்றிருக்கிறாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை, பட்டாலும் சொல்லவில்லை. கல்லூரி கேன்டீனில் நின்றபடியே பிய்த்துத் தின்றுகொண்டிருந்த பருப்பு வடை தொண்டையில் சிக்கியது.

“துப்பட்டாவை விரிச்சு மூடிக்கோ, ஒண்ணும் தெரியாது. வா, இங்கன உக்காந்து சாப்பிடு.”

கூப்பிட்டவளுக்கு முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத கைத்தறிச் சேலை. எதிரே திறந்த சாப்பாட்டுத் தூக்கு. “என் பேரு ரீபா” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீ ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கியோ?”

“ஆமாக்கா. தாவரவியல், ரெண்டாவது வருஷம். ஏன், மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா?”

“அப்படித்தான் இருக்கு. நானும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவதான். விலங்கியல்.”

தஸ்மியாவால் நம்ப முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையில் ரசாயனக் கறை. இந்த அக்காவோ நிச்சயதார்த்த வீட்டுக்குப் புறப்பட்டவள் போல இருக்கிறாள். புளிக்குழம்புச் சோற்றை அவசரமில்லாமல் பிசைந்து ரசித்துச் சாப்பிடுகிறாள்!

அதன்பிறகு தினமும் மத்தியானம் அந்த மேஜைக்குத்தான் போனாள். இந்த அக்கா எப்படி இதைச் சாதிக்கிறாள் என்று அறியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“எத்தனை மணிக்குக்கா வீட்டுக்குக் கிளம்புவீங்க?”

“அஞ்சுக்கு.”

“அஞ்சுக்கா! கைடு திட்ட மாட்டாங்களா?”

“அஞ்சு மணிக்கு மேல மூளை ஓடாதுட்டி. கை மட்டும்தான் ஓடும். தப்புத் தப்பாச் செய்யும்.”

“ஞாயித்துக்கிழமை?”

“காலைல கோயிலுக்குப் போவேன். சாயங்காலம் பாட்டுக் கேட்டுக்கிட்டே அந்த வாரத்துச் சேலையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருவேன். புத்தகத்தைத் தொட மாட்டேன்.”

“அப்ப ஆராய்ச்சி?”

“அது எங்கயும் ஓடிப் போகாது. நீதான் ஓடிப் போயிருவ.”

தஸ்மியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாக, தாமிரபரணித் தண்ணீரிலுள்ள பாசிகளை வைத்து அவள் செய்யும் பரிசோதனை எதுவும் சரியாக வரவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதை உம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் பெனோ இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அந்த அக்காவோட கைடு தங்கமான ஆளா இருப்பாரு. நமக்கெல்லாம் இது சரிப்படாது தஸ்மியா.”

இருந்தாலும் ஒருநாள் துணிந்து பார்த்தாள். மணி ஐந்தானதும் பையைத் தூக்கிக்கொண்டு, திருடியவள் போலப் பைய வெளியே வந்தாள். வீட்டு வாசலில் அவளைக் கண்ட உம்மாவின் முகம் மாறிப்போனது.

“ஏட்டி, மேலுக்கு முடியலையா? வெளிச்சம் இருக்கும்போதே வந்துட்ட!”

“ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் வந்தேன். தேயிலை போடுங்க, குடிப்போம்.”

மறுநாளும் ஐந்துக்கே வந்தாள். வயிறாரச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். இஸ்திரி போட்ட சுடிதாரைச் சரியான பக்கத்தில் உடுத்திக்கொண்டு போனாள்.

அப்படிப் போன ஒரு காலையில், தண்ணீர் பாட்டில்களின் எண்களைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோதுதான் அது கண்ணில் பட்டது. ஆற்றின் மேல்பகுதியில் கல்லிடைக்குறிச்சியில் எடுத்த தண்ணீருக்குச் ‘சீவலப்பேரி’ என்றும், கீழே சீவலப்பேரியில் எடுத்ததற்குக் ‘கல்லிடைக்குறிச்சி’ என்றும் பெயர் ஒட்டியிருந்தது. ஒட்டியது அவளேதான், கண் சொருகச் சொருக வேலை பார்த்த ஏதோ ஒரு நாளில். தாமிரபரணி மேலே கலங்கலாகவும் கீழே தெளிவாகவும் ஓடுவதாக மூன்று மாதமாய்க் கணக்குப் போட்டுக் குழம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்!

இரண்டு இடத்துக்கும் மறுபடி போய்த் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தாள். எல்லாம் பொருந்தி வந்தது. கைடு முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். “கட்டுரையை எழுத ஆரம்பிம்மா” என்றார்.

மறுநாள் உம்மாவிடம் சொல்லிப் பிரியாணி செய்து வாங்கி வந்தாள். கேன்டீனில் ரீபாவின் நாற்காலி காலியாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விலங்கியல் துறைக்கே ஓடினாள். வாசலறையில் எழுத்தர் அப்பாத்துரை உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, ரீபா அக்கா எங்க இருக்காங்க?”

“ரீபாவா? காலாண்டு லீவு விட்டாச்சுல்லா, பள்ளிக்கூடம் திறந்ததும்தான் கேன்டீனுக்குச் சாப்பிட வரும்.”

“பள்ளிக்கூடமா? நான் இங்க ஆராய்ச்சி பண்ணுத ரீபா அக்காவைக் கேக்கேன் அண்ணாச்சி. மத்தியானம் நேரத்துக்கு உக்காந்து சாப்பிடுவாங்க. அஞ்சு மணியானா கிளம்பிருவாங்க. ஞாயித்துக்கிழமை புத்தகத்தையே தொட மாட்டாங்களே, அவங்க.”

அப்பாத்துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் புள்ளையேதாம்மா. நாலு வருஷம் சோறு தண்ணி பாக்காம, ராவும் பகலும் இங்கனயே கிடந்துச்சு. கடைசில லேப்லயே மயங்கி விழுந்து, நாங்கதான் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அதோட ஆராய்ச்சியை விட்டுட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சராப் போயிட்டுது. நீ சொல்லுததுல ஒண்ணையாவது அன்னைக்குச் செஞ்சிருந்தா, இன்னைக்கு அது டாக்டர் ரீபா!”