பீக்கிங் வீட்டுச் சம்பந்தம்

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் சீனாவைப் பற்றி வாய் திறக்கப்படாது. சொல்லிப்போட்டன்!"

குசினி வாசலில் கரண்டியும் கையுமாக நின்று எச்சரித்தாள் சிவனேஸ்வரி.

கணேசலிங்கம் கதிரையில் ஏறி நின்று, முன்னறைச் சுவரிலிருந்த மாவோ படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "படத்தையே கழட்டுறன். அது போதாதோ?"

"படம் கதைக்காது. உங்கட வாயை எங்க கழட்டி வைக்கிறது?"

அவள் பயந்ததில் தப்பே இல்லை. ஒரே மகள் சந்திரகலாவும் மகேந்திரராஜாவின் மகன் சேகரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சம்பந்தம் பேச மகேந்திரராஜாவும் மனைவி யோகராணியும் அன்று பின்னேரம் சிட்னியின் ஹோம்புஷிலிருந்த இவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஊர், படிப்பு, சாதகம் எல்லாம் பொருந்திவிட்டன. கட்சிதான் பொருந்தவில்லை.

இலங்கையில் இடதுசாரிக் கட்சி இரண்டாக உடைந்தபோது கணேசலிங்கம் சீனாவை ஆதரித்த பீக்கிங் பக்கம் போனார். அவருடைய உயிர் நண்பர் மகேந்திரராஜா ரஷ்யாவை ஆதரித்த மொஸ்கோ பக்கம் போனார். பிறகு இரண்டு பேரும் சிட்னிக்குக் குடிவந்தார்கள். வீடு வாசல், வேலை வெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தச் சண்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இந்த வருடம், 1979 பொங்கல் விழாவிலும் அதே கூத்துதான்.

"உம்மட சீனா அமெரிக்கனைக் கட்டிப்பிடிக்குது. கொக்கா கோலாவுக்குக் கதவைத் திறந்து விட்டிட்டுப் புரட்சியாம்!" என்று தொடங்கினார் மகேந்திரராஜா.

"உம்மட ரஷ்யா மட்டும் என்னவாம்? அமெரிக்கன்ர கோதுமையைத் திண்டுகொண்டே அவனைத் திட்டுது!" என்று பாய்ந்தார் கணேசலிங்கம்.

மகேந்திரராஜா பொங்கலில் கைகூட வைக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சந்திரகலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பின்னேரம் வாசல் மணி அடித்தது.

"வாங்கோ, வாங்கோ! சேகர் எங்க?" என்றாள் சிவனேஸ்வரி.

"காரை நிப்பாட்ட இடம் தேடுறான்" என்றாள் யோகராணி. "தெரு முழுக்க இடம் கிடக்கு. பயத்தில சுத்திக்கொண்டு நிக்கிறான்."

மகேந்திரராஜாவின் கக்கத்தில், பழுப்புத் தாளில் சுற்றிய தட்டையான பார்சல் ஒன்று இருந்தது. சிவனேஸ்வரி வாங்கி வைக்கக் கை நீட்டினாள். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அவர் கதிரையில் அமர்ந்து, அதை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வெக்கை" என்றார் கணேசலிங்கம்.

"ஓம், நல்ல வெக்கை" என்றார் மகேந்திரராஜா.

வெக்கை முடிந்தது. வடை வந்தது. மகேந்திரராஜா ஒரு கடி கடித்துவிட்டு, சுவரில் படம் இருந்த இடத்தையே பார்த்தார். அங்கே ஓர் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"கணேஸ், நான் ஒரு விசயம் சொல்லவேணும்..."

"பொறும். முதல்ல நான் சொல்லுறன்." கணேசலிங்கம் மூச்சை இழுத்துவிட்டார். "நீர் சொன்னதுதான் சரி. சீனா வழி தவறிப் போச்சு. சந்தையாம், லாபமாம், கொக்கா கோலாவாம்! இனி நான் மொஸ்கோ பக்கம்."

சிவனேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த சந்திரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா தனக்காக எதை விழுங்குகிறார் என்று அவளுக்குத் தெரியும். கணேசலிங்கம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மகேந்திரராஜா சிரிக்கவில்லை. முகம் கறுத்துப் போயிற்று.

"உண்மையாவோ?"

"சத்தியமா!"

"அதுதான் படத்தையும் கழட்டினீரோ?"

"ஓம். கட்டிலுக்குக் கீழ போட்டிட்டன்."

மகேந்திரராஜா கடித்த வடையைத் தட்டில் வைத்தார். பார்சலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "யோகா, எழும்பும். நாங்கள் போட்டு வாறம்."

"ஐயோ, என்ன இது? வந்த விசயம் கதைக்கேல்லையே!" என்று பதறினாள் சிவனேஸ்வரி. சந்திரகலா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

கணேசலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "உமக்கு என்னதான் வேணும் ஐசே? பீக்கிங் எண்டாலும் கோவம், மொஸ்கோ எண்டாலும் கோவமோ? என்ர பிள்ளைக்காகக் கொள்கையையே விட்டுத் தந்தனான்! இதுக்கு மேல நான் எங்க போறது?"

மகேந்திரராஜா வாசலில் நின்று விழித்தார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதைப் பார்த்ததும் யோகராணிக்குச் சிரிப்பு பீறிட்டது.

"இனியென்ன ஒளிப்பு? காட்டுங்கோவன்!" என்று பார்சலைப் பறித்துத் தாளைக் கிழித்தாள்.

புத்தம் புதுச் சட்டத்துக்குள் மாவோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்குப் பிறகு இந்த மனுசன் நித்திரை கொள்ளேல்லை, அக்கா. 'பிள்ளையளுக்காக நான் பீக்கிங் பக்கம் மாறுறன்' எண்டு சொல்லி, சம்பந்திக்குக் குடுக்கச் சைனா ரவுண் முழுக்கக் கடை கடையா அலைஞ்சு வாங்கினவர்!"

கார் நிறுத்த ஒருவழியாக இடம் கண்டுபிடித்துச் சேகர் உள்ளே வந்தபோது, அம்மாமார் இருவரும் குசினியில் கலியாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறை அதிர்ந்தது: "சீனாவின்ர நாலு நவீனமயமாக்கல் திட்டத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்று கத்திக்கொண்டிருந்தவர் அவனுடைய அப்பா!