ஏறாத ஊசி

"ஊசி பாதிகூட ஏறலையே சார்!" என்று பைக் எஞ்சினில் மாட்டியிருந்த பிரஷர் கேஜைப் பார்த்து மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

பைக் வாங்க வந்தவர் முகம் தொங்கிப்போயிற்று. "எஞ்சினைப் பிரிக்கணும்போல. நமக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படிக் கிளம்பினவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

பைக்கின் சொந்தக்காரரான கணக்கு வாத்தியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரிடையர் ஆனால் மட்டும் கணக்கு மனுஷனை விட்டுவிடுமா? போன வாரம்தான் பிளக்கைக் கழற்றி, சிரிஞ்சால் எண்ணெய் விட்டு, பிஸ்டனுக்கு மேலே எவ்வளவு இடம் என்று அளந்து, கம்ப்ரஷன் ரேஷியோ போட்டுப் பார்த்திருந்தார். கம்பெனி புத்தகத்தில் இருப்பது அச்சு அசலாக வந்தது.

"ரேஷியோ கரெக்டா இருக்கு. பிரஷர் மட்டும் எங்கப்பா போகும்?"

"ரேஷியோங்கறது உள்ள இருக்கிற எடத்தோட கணக்கு சார். ரிங்கு தேஞ்சு காத்து ஒழுகினா அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்த கேஜ்."

"நேத்துகூட ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சேப்பா!"

"அதான் எனக்கும் புரியல. யாருமே எடுக்கலேன்னா சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்."

'அதானே பார்த்தேன்!' என்று வாத்தியார் மனசுக்குள் கறுவினார்.

"இந்தப் பழைய இரும்பு என்னிக்கு ஒழியுதோ, அன்னிக்குத்தான் வீட்டுக்கு விமோசனம்" என்றபடி மனைவி ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

ஆக்ஸிலேட்டர் பிடிப்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை. குளிர்காலக் காலையில் இந்த பைக் லேசில் மசியாது. அவர் உதைப்பார், அவள் பக்கத்தில் நின்று முறுக்குவாள். முறுக்க முறுக்க அவள் கை வளையல் கலகலக்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "புருஷனும் பெண்டாட்டியுமா சேர்ந்து தெருவையே எழுப்பியாச்சா?" என்று கத்துவார். அவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். என்ன நாட்கள் அவை!

இப்போது அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பின் சீட்டில் காலைத் தூக்கிப் போட முடியாது.

"உன்னை வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் இதுல சுத்தறதா? இதை வித்துட்டு, கூடக் கொஞ்சம் போட்டுப் பழைய கார் எடுத்துரலாம்" என்று அவரேதான் ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. "நல்ல முடிவு" என்றுவிட்டாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எல்லாம் அந்த மெக்கானிக் பண்ற வேலை" என்று, மெக்கானிக் கிளம்பிப் போனதும் பல்லைக் கடித்தார். "ஊசியை ஏறவிடாம வெச்சு, அடிமாட்டு விலைக்குத் தட்டிட்டுப் போகப் பாக்கறான்."

"ஐயோ, பாவம் அவரு! அவரைப் போய் ஏங்க திட்டறீங்க?" என்று அவள் பதறினாள்.

'இவளுக்கு உலகத்துல எல்லாருமே நல்லவங்கதான்' என்று அவர் முணுமுணுத்தார்.

மறுநாள் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வாத்தியார் வேறு கடையிலிருந்து ஒரு கேஜ் இரவல் வாங்கி வந்து மாட்டினார். ஆக்ஸிலேட்டரைத் தானே முறுக்கிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு உதைத்தார். ஊசி ஜம்மென்று மேலே ஏறி நின்றது.

நேராக மெக்கானிக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். "ஏம்ப்பா, உன்னை எவ்வளவு நம்பினேன்!"

மெக்கானிக்கின் கண் சிவந்துவிட்டது. தன் கேஜைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே வந்தார். "நீங்களே பிடிங்க, நீங்களே உதைங்க சார். நான் தொடவே மாட்டேன்."

அதே கேஜ்தான். இப்போதும் ஊசி ஜம்மென்று ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் எடுத்துக்கறேன்னது உங்க கண்ணு முன்னாடியே ஓடட்டும்னுதான் சார். என்னைத் திருடன்னுட்டீங்களே!" என்ற மெக்கானிக் சட்டென்று நிறுத்தி யோசித்தார். "ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கினாத்தான் காத்து உள்ள போகும் சார். முறுக்காம சும்மா பிடிச்சுட்டிருந்தா, புது எஞ்சினா இருந்தாலும் ஊசி ஏறாது. நான் கேஜையே பார்த்துட்டு இருந்தேன், அதை கவனிக்கல. அன்னிக்கெல்லாம் ஆக்ஸிலேட்டர் பிடிச்சது..." என்று இழுத்தவர், வாயைப் பொத்திக்கொண்டார்.

வாத்தியார் பைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆள் வந்து பார்த்த ஒரு தடவைகூட வளையல் சத்தம் கேட்கவில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கப்பா" என்றார்.

சாயங்காலம் இன்னொருவர் பைக் பார்க்க வந்தார். மெக்கானிக் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேஜை மாட்டினார். மனைவி வழக்கம்போல ஆக்ஸிலேட்டர் பக்கம் வந்தாள்.

"நீ தள்ளு. இன்னிக்கு நானே பிடிச்சுக்கறேன்" என்றார் வாத்தியார்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "ஏங்க... நான்தானே எப்பவும் பிடிப்பேன்?" என்று கேட்டாள்.

வாத்தியார் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு வந்தவருக்குக் கேட்காமல் அவள் காதோரம் குனிந்து சொன்னார்:

"சரி, நீயே பிடி. ஆனா வளையல் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது, ஆமா!"