மேற்கு ஜன்னல்

“இடிங்க மேஸ்திரி.”

பாதி கட்டிய வீட்டின் படுக்கையறைத் தரையில், சிமெண்ட் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த ஓனரம்மா, எழுந்திருக்காமலே சொன்னாள்.

“எதை?”

“இந்த மேற்கு ஜன்னலைத்தான். மணி மூணு. வெயில் நேரா என் கன்னத்துல அடிக்குது பாருங்க. கட்டில் இங்கதான் வரப்போகுது.”

மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கேறியது. நேற்று சாயங்காலம்தான் சட்டம் பொருத்திய ஜன்னல். அதற்கு முன்பே இந்தச் சுவரை இரண்டு தடவை இடித்துக் கட்டியாகிவிட்டது. முதல் தடவை, செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டியதற்காக. குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டால்தான் சூடு உள்ளே இறங்காதாம். அடுத்த தடவை எதற்கு என்பதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு திரையைத் தொங்கவிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் யாராவது சுவரை இடிப்பாங்களா?”

“திரை வெயிலை மறைக்கும். சூட்டை மறைக்குமா?”

“அதான் வெளியே மரம் நட்டாச்சுல்ல. வளர்ந்தா நிழல் தன்னால வருது.”

“மரம் வளர்ற வரைக்கும் நான் வேகணுமா? இதை அடைச்சுட்டு தெற்குப் பக்கம் ஒண்ணு வைங்க. சூடு வெளியே போக மேல ரெண்டு சின்னத் திறப்பு விடுங்க. மழைக்கு முன்னாடி வெளிப்பூச்சு முடியணும், ஞாபகம் இருக்கட்டும்.”

சாக்கை உதறிப் போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். தோட்டம் என்று பெயர்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே மேற்கு ஓரமாக ஏழு கன்றுகளை நட்டுவிட்டாள். மணல் கொட்ட இடமில்லாமல் மேஸ்திரி ஆறு மாதமாக அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வேலை நடக்கும் இடத்தில் அவள் ஓனரம்மா, அவர் மேஸ்திரி. அதில் அவள் ரொம்பக் கறார்.

அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த எலக்ட்ரீஷியன், சுவரைக் குடைய எடுத்த உளியைக் கீழே வைத்தான்.

“என்னண்ணே இது அநியாயம்? அந்தம்மா இன்ஜினியருக்குப் படிச்சிருக்கா?”

“எங்க படிச்சுது! ஒரு வருஷம் முழுக்கக் காலி மனையில குச்சியை நட்டு, மணிக்கொரு தடவை நிழலை அளந்து நோட்டுல எழுதினதுதான் படிப்பு. வெந்நீருக்கு வெயில் போதுமாம். குளிச்ச தண்ணி கன்னுக்குப் போகணுமாம். ஏசிங்கிற பேச்சே எடுக்கக் கூடாதாம். முப்பது வருஷமா வீடு கட்டுறவனுக்குப் பாடம் நடக்குது தம்பி. கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான்!”

“நீங்க பெரிய கோபக்காரர்னுல்ல கேள்விப்பட்டேன்?”

கேள்விப்பட்டது உண்மைதான். ஓனர் குறுக்கே ஒரு வார்த்தை பேசினால் போதும், கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். அப்படிப் பாதியில் நின்ற வீடுகள் நான்கு. ‘என் வேலையில மூக்கை நுழைக்காதீங்க’ என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவது அவர் வழக்கம். இங்கே மட்டும் சொல்லத் தவறிவிட்டார். அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“பக்கத்துத் தெருவுல எனக்கு ஒரு சைட் இருக்குண்ணே. ஓனர் வெளியூர்ல. வாயே திறக்க மாட்டாரு. நாளைக்கே வந்துடுங்க. பாதியில நின்னாத்தான் இந்தம்மாவுக்குப் புத்தி வரும். நானா இருந்தா ஒரு நாள் தாங்க மாட்டேன்.”

மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. புது ஆள் முன்னால் மானத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று விழுங்கிவிட்டார். கலவை குழைத்துக்கொண்டிருந்த சித்தாள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

“போதும்! இந்தச் சுவர்ல ஒரு செங்கல்லும் நகராது!” கரணையைக் கழுவினார். தூக்குக்குண்டு, ரசமட்டம், சுத்தியல் எல்லாம் பைக்குள் போயின. “தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறவங்க, வேற ஆளைப் பார்த்துக்கட்டும்!”

“அப்படிப் போடுங்கண்ணே!” என்றான் எலக்ட்ரீஷியன்.

சத்தம் கேட்டு ஓனரம்மா வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் ஈர மண். மேஸ்திரியின் தோளில் ஏறியிருந்த பையைப் பார்த்தாள். பெரிய சண்டை வரப்போகிறது என்று எலக்ட்ரீஷியன் ஓரமாக ஒதுங்கினான். ஆனால் அவள் குரல் உயரவே இல்லை.

“போறதுன்னா போங்க. ஊர்ல யார் யாரோ நிம்மதியாத் தூங்கறதுக்குப் பார்த்துப் பார்த்து வீடு கட்டிக் கொடுத்தீங்க. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இருபத்தேழு வருஷமா என்னைத் தகரக் கூரைக்குக் கீழ வேக வச்சீங்க. நான் ஒண்ணும் கேட்டதில்ல. இந்த ஒரு சுவரை எனக்காக இடிக்க மாட்டீங்களா?”

மேஸ்திரி பையை இறக்கினார், சுத்தியலை எடுத்தார், ஜன்னலோரம் போய் முதல் அடியைப் போட்டார்.

எலக்ட்ரீஷியன் அவசர அவசரமாக உளியைப் பொறுக்கிக்கொண்டு, “ஃபேன் சுவிட்ச் எந்தப் பக்கம் வைக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணி” என்றான்.