அரையடி மேப்பிள்

“பிள்ளை, உந்த மரக்கண்டைக் கிளப்பும். அரையடி என்ர பக்கத்துக்குள்ள நிக்குது.”

சனிக்கிழமை காலையில் மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றார் இராஜரட்ணம். பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அசையவில்லை. கன்றுக்கு முன்னால் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கிளப்பமாட்டன் அண்ணை. வேணுமெண்டால் முதல் என்னைக் கிளப்புங்கோ.”

கனடாவின் மில்லிக்கனில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். முன்னால் இரண்டுக்கும் ஒரே புல்தரை. வேலிச் சண்டைக்குக் கோர்ட்டுப் படியேறிய பரம்பரை, வேலியே இல்லாத இடத்தில் எப்படிச் சும்மா இருக்கும்? தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில், அந்தப் புல்தரையின் நடுவில் கிளடிஸ் ஒரு ஜப்பான் மேப்பிளை நட்டாள். விரல் விரித்தாற்போல் சின்னச் சின்ன இலைகள். தெருவில் மற்ற மேப்பிள்கள் பச்சையாக நிற்க, இது மட்டும் கோடையிலேயே செக்கச்செவேலென்று நின்றது. மரம் சாகப்போகுது என்றார் இராஜரட்ணம். அதன் நிறமே அதுதான் என்று அவள் சொல்லிச் சிரித்ததும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று மாலையே கயிறு பிடித்து அளந்தார்.

அதன்பிறகு முகம் பார்த்துப் பேச்சில்லை. பங்குச் சுவாமியார் வந்து கிளடிஸுக்குப் புத்தி சொன்னார். இராஜரட்ணத்தின் மனைவி யோகராணி கணவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். இரண்டு பேருமே மசியவில்லை. கிளடிஸுக்கு உள்ளுக்குள் பயம்தான். வேர் பிடிக்கிற நேரத்தில் கிளப்பினால் கன்று பட்டுவிடும். கனடா மண்ணில் அவள் தன் கையால் நட்டது இது ஒன்றுதான்.

“இவ்வளவு திமிரோ உமக்கு?” என்று மண்வெட்டியைத் தூக்கினார் இராஜரட்ணம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஸ்ரீதரனுக்கு மேப்பிளைக் கண்டதும் முகம் கடுத்தது.

“ரெண்டு வீடும் என்ர. வாடகைக்கு இருக்கிற நீங்கள் ஆரைக் கேட்டு உதில மரம் வைச்சனீங்கள்? இண்டைக்கே பிடுங்கி எறியுங்கோ.”

கிளடிஸ் வாயைத் திறக்கும் முன்பே, மண்வெட்டியைத் தரையில் ஊன்றியபடி அவளுக்கு முன்னால் வந்து நின்றார் இராஜரட்ணம்.

“என்னைக் கேட்டுத்தான் வைச்சவ. எல்லையில மரம் வைக்கிறதெண்டால் பக்கத்து வீட்டுக்காரனைத்தானே கேக்கவேணும், தம்பி?”