பொன்னெழுத்து அட்டை

“கண்ணு பூத்துப் போற அளவுக்கு வரைஞ்சிருக்கா எம் பொண்ணு. நூத்துக்கு முப்பத்தெட்டா? ஒரு வருஷம் வீணாப் போகுமே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டர் அவர். அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன மாணவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “உட்காருங்க.”

“உட்கார வரல நான்.”

“அப்பா, வேண்டாம்ப்பா. போயிடலாம் வாங்க.” மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ சும்மா இரு. உனக்கு வாய் இல்லன்னுதானே ஏறி மிதிக்கிறாங்க!”

வாத்தியார்கள் மேல் அவருக்கு நாற்பது வருடக் கோபம். ஏழாம் வகுப்பில் ஒருவர் இவர் நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் கிறுக்கி வெளியே வீசினார். நோட்டைப் பொறுக்கப் போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு சரி.

மகள் படிப்பது கட்டட வரைபடம். கடைசி வருடம் பரீட்சை கிடையாது. வருடம் முழுக்க வரைந்ததைத் தொகுத்துக் கொடுத்தால் அதற்குத்தான் மார்க். அந்தத் தொகுப்பு மேஜைமேல் இருந்தது. பைண்டரே தைத்து, தடிமனான அட்டை போட்டு, பொன்னெழுத்தில் அவள் பெயரைப் பதித்திருந்தார்.

“புரட்டிப் பாருங்க மேடம். ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? கண்ணாடி மாதிரி இருக்கு!”

“அதுதாங்க பிரச்சினையே. இவ முதல்ல வரைஞ்ச வீட்டில மாடிப்படி ஏறினா தலை இடிக்கும். நான் திருத்தித் திருத்திக் கொடுத்தேன். இவளும் சளைக்காம ஆறு தடவை மாத்தினா. அந்தத் தாளெல்லாம் எங்கே? தப்பு எப்படிச் சரியாச்சுங்கறதுக்குத்தான் பாதி மார்க்கே.”

பைண்டரின் குரல் இறங்கியது. “பாதி மார்க்கா?”

“ஆமா. ‘வேற யாரோ வரைஞ்சு கொடுத்திருக்காங்க’ன்னு வெளியிலேர்ந்து வந்த தேர்வாளர் சொல்லிட்டார். இவளைக் கேட்டா, ‘நான்தான் தொலைச்சிட்டேன்’னு ஒரே பதில். எப்படின்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தாளெல்லாம் வந்தா, மார்க்கை மாத்தச் சொல்லிப் பேசறேன்.”

பைண்டர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தொகுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவ எதையும் தொலைக்கல, மேடம். சிவப்பு மை பட்டதை எல்லாம் நான்தான் உருவினேன். அவ கைப்பட வரைஞ்சதாச்சே, தூக்கிப் போட மனசு வரல. இந்த அட்டைக்குள்ளேயே வெச்சு ஓரத்தை ஒட்டிட்டேன். ஒரு பிளேடு இருந்தாக் கொடுங்க.”